கச்சான் வெயிலில் ஒரு செய்தி மடல்

என் மனைவியின் மரணச் செய்தியை எங்கள் கொம்பனியின் செய்தி மடலில் எழுதியவன் நான்தான். யாரும் அதை என்மீது சுமத்தவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி எங்கள் களஞ்சியங்கள் இருக்கின்றன. கப்பலில் குவியலாக வரும் உரத்தை இறக்கி, மூட்டை கட்டி, லொறிகளில் ஏற்றி அனுப்புவோம். நான் நலன்புரிப் பகுதியில் எழுதுவினைஞன். யாருக்குக் கல்யாணம், யாருடைய பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தது, கிரிக்கெட்டில் எந்தப் பகுதி வென்றது என்று மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் மடல் ஒன்று வெளிவரும். தமிழ்ப் பக்கங்கள் என் பொறுப்பு. சிங்களப் பக்கங்களைக் கந்தளாயிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஓர் இளம் பெண் பார்த்துவந்தார். எனக்கு எதிர் மேசை. தமிழ் நன்றாகப் பேசுவார். எழுதத்தான் கூச்சம்.

பெப்ரவரியில் என் மனைவி மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிறுநீரகத்தில் தொடங்கிய வருத்தம் இரத்தத்தில் பரவிவிட்டது. அவளை அடக்கம்செய்து, ஏழாம் நாள் பூசையும் முடிந்து, எட்டாம் நாள் காலை நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் என்ன செய்வதென்று தெரியும்.

என்னைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து நின்றார். மார்ச் மாத மடல் பாதியில் நின்றது. சிங்களப் பக்கத்தில் அனுதாபச் செய்தியை அவர் ஏற்கெனவே போட்டுவிட்டார். தமிழ்ப் பக்கத்தில் அதே அளவில் ஒரு வெற்றிடம்.

"அண்ணா, இத நான் ஸ்டோர்ஸ்ல இருக்கிற ஆளிட்டக் குடுத்து எழுதுவிக்கவா?" என்றார்.

"தேவையில்லை மிஸ். நானே எழுதுறன்."

பதினொரு வருடத்தில் இப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பழைய செய்தி ஒன்றைத் திறந்து, பெயரையும் உறவுமுறையையும் மாற்றிப் புதிய பெயரில் சேமிப்பதுதான் வழக்கம். அன்றும் அப்படித்தான் செய்தேன். முந்தைய வருடம் இறந்த ஒரு சாரதியின் செய்தியைத் திறந்தேன். 'எமது ஊழியர்' என்றிருந்ததை 'எமது ஊழியரின் அன்பு மனைவி' என்று மாற்றினேன். பெயரை எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு திருமணச் செய்திக்கும் சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற ஒரு பிள்ளையின் படத்துக்கும் இடையில் அதை வைத்தேன். பிறகு தேநீர் குடித்தேன். நெஞ்சுக்குள் ஒன்றுமே அசையவில்லை. அசையவில்லையே என்ற கவலைகூட வரவில்லை.

மடல் அச்சாகி எல்லாப் பகுதிகளுக்கும் போன அன்று பின்னேரம் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார். கையில் மடல் இருந்தது. அழுதிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அண்ணா, கடைசி வரியப் பாருங்க."

பார்த்தேன். 'அன்னாரின் பிரிவால் துயருறும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எமது ஆழ்ந்த அனுதாபங்கள்.' மனைவி என்று இருந்ததைக் கணவர் என்று மாற்றிய நான், பக்கத்தில் இருந்த பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்துநான்கு வருடம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"எல்லாத்தையும் திருப்பி எடுத்து மற்றது அடிப்பம் அண்ணா. மனேஜரிட்ட நான் கதைக்கிறன்."

"வேண்டாம் மிஸ். விடுங்கோ."

அவர் போகாமல் நின்றார். அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, லொறிகளை நிறுக்கும் இடத்தில் வேலைசெய்யும் ஒருவர் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவர், என்னைப் பற்றி அதிகம் தெரியாதவர்.

"பேப்பரில பாத்தனான் சேர். கேட்கவே ஏலாமல் இருக்கு. பிள்ளையள் என்ன செய்யினம்?"

"படிக்கினம்" என்றேன்.

"ஆண்டவர் அவையளைப் பாப்பார்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. திருத்தி விளக்க நிறையப் பேசவேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் தெம்பில்லை. அவ்வளவுதான்.

மே மாதம் கச்சான் காற்று தொடங்கியது. தரைப்பக்கமிருந்து அடிக்கும் காற்று. கடலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம் என்றாலும் அது வரும்போது அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல இருக்கும். களஞ்சியங்களின் தகரக் கூரை பகல் முழுவதும் டிக் டிக்கென்று சத்தமிடும். அந்த வருடம் வெயில் வழமையைவிடக் கடுமை என்று வானொலியில் தினமும் சொன்னார்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: ஊழியர்களுக்கு வெப்பப் பாதுகாப்பு பற்றி விளக்கவேண்டும், செய்தி மடலில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கவேண்டும், எல்லா அறிவித்தல் பலகைகளிலும் துண்டுப்பிரசுரம் ஒட்டவேண்டும். கூடவே ஓர் ஆங்கிலப் பிரசுரமும் அதன் தமிழாக்கமும் வந்தன. தமிழாக்கத்தில் 'வெப்பப் பக்கவாதம்' என்று போட்டிருந்தது. அதை அப்படியே ஒட்டினால் வெயிலில் நின்றால் கைகால் இழுத்துவிடும் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். அதை வெட்டி 'வெப்பத் தாக்கு' என்று எழுதி, மற்ற வரிகளையும் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்படி மாற்றினேன். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் நேரம் போனது தெரியவில்லை.

விளக்கக் கூட்டம் காலை ஆறரைக்கு, வேலை தொடங்கமுன், பெரிய களஞ்சியத்தின் வாசலில் நடந்தது. மூட்டை தூக்குபவர்கள், மூட்டை வாய் தைக்கும் பெண்கள், சாரதிகள் எல்லோரும் நின்றார்கள். நான் வாசித்தேன்.

"தாகம் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது, அடிக்கடி தண்ணி குடிக்கவேணும். பகல் பன்னிரண்டு மணிக்கும் மூண்டு மணிக்கும் இடையில வெளியில நிண்டு வேலை செய்யிறதைத் தவிர்க்கவேணும்."

பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "சேர், கப்பலுக்கும் இத வாசிச்சுக் காட்டினீங்களா?"

கப்பல் வந்தால் உச்சிவெயிலிலும் இறக்கியே ஆகவேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். சுப்பவைசரும் சிரித்தார். நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு அடுத்த வரியை வாசித்தேன். தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் புரட்டுதல், தசைப்பிடிப்பு. பிறகு வியர்வை நின்று தோல் காய்ந்து சுடும். பிறகு ஆள் முன்னுக்குப் பின் முரணாகக் கதைப்பார். அது ஆபத்தான கட்டம்.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் மட்டும் என்னிடம் வந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஊர் கிண்ணியா. என்னைவிடப் பத்து வயது குறைவு, ஆனாலும் எங்கள் இடத்தில் எல்லோரும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவார்கள்; நானும் அப்படித்தான்.

"ஒரு தாள் தாங்க சேர். மெசின்ல ஒட்டி வெக்கப் போறன்" என்றார்.

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"சேர் சாப்பிடுறீங்களா ஒழுங்கா?"

"ஓம் நானா. சாப்பிடுறன்."

அது பொய். காலையில் வெறும் தேநீர். பகலில் சாப்பாட்டு அறைக்குப் போவதை விட்டிருந்தேன். நான் உள்ளே நுழைந்தால் கதை நின்றுவிடும். யாராவது எழுந்து கதிரையை இழுத்துத் தருவார்கள். அது எனக்குத் தாங்கவில்லை என்று சொல்லமாட்டேன்; தாங்க முடியாமல் போகும் அளவுக்கு எதுவும் எனக்குள் நடக்கவில்லை. வெளியே நடப்பது சுலபமாக இருந்தது. ஆகவே பகல் இடைவேளையில் களஞ்சியங்களைச் சுற்றி நடப்பேன். பின்னேரம் வீட்டுக்குப் போய், குசினியில் நின்றபடி பாணில் ஏதாவது பூசிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன்.

ஜூலையில் பிரசுரங்கள் சில வெயிலில் வெளிறிக் கிழிந்துபோயின. புதியவற்றை ஒட்டச் சொன்னார்கள். யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு இடைவேளையில் இறங்கினேன். தொப்பி போடவில்லை. தண்ணீர்ப் போத்தல் மேசையில் இருந்தது.

நான்காவது பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது தலையிடித்தது. ஐந்தாவதில் தலை சுற்றியது. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மூக்குக்கு நேரே நான் எழுதிய வரிகள். வரிசை மாறாமல் வருகிறது என்று நினைத்தேன். பயம் வரவில்லை. யாரோ ஒருவரின் உடம்பைப் பற்றி வாசித்தறிவதுபோல இருந்தது. முழங்கையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து சுட்டது. இன்னும் இரண்டு பலகை இருக்கிறது, முடித்துவிட்டுப் போவோம் என்று நடந்தேன். அந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு நினைவில்லை.

மற்றதெல்லாம் பிறகு எனக்குச் சொல்லப்பட்டவை.

மூன்றாம் களஞ்சியத்தின் பக்கச் சுவரில் சாய்ந்து, மடியில் பிரசுரங்களை வைத்துக்கொண்டு நான் வெயிலில் உட்கார்ந்திருந்தேனாம். நானா பகல் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வரும் வழியில் கண்டிருக்கிறார். முதலில் ஓய்வெடுக்கிறேன் என்றுதான் நினைத்தாராம். கிட்ட வந்து கூப்பிட்டிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, மரியாதையாகப் பதில் சொன்னேனாம். அவர் அதைக் கேட்டதும் கத்தி ஆட்களைக் கூப்பிட்டார். நான்கு பேர் என்னைத் தூக்கிக் களஞ்சியத்தின் உள்பக்கம் கொண்டுபோனார்கள். சட்டையைக் கழற்றினார்கள். தளம் கழுவும் பைப்பைத் திறந்து உடம்பு முழுவதும் தண்ணீர் அடித்தார்கள். தைக்கும் பகுதிப் பெண்கள் வெறும் சாக்குகளை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து விசிறினார்கள். ஒருவர் சாப்பாட்டு அறைக்கு ஓடி, குளிர்பெட்டியில் மீனோடு இருந்த ஐஸைச் சட்டியோடு தூக்கிவந்தார். அதை அக்குளுக்குள்ளும் கழுத்திலும் வைத்தார்கள். யாரோ பதற்றத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை என் வாயருகே கொண்டுவந்தபோது நானா கையைத் தட்டிவிட்டாராம்.

"வாயில ஊத்தாதீங்க! சேர்ட தாள்ல போட்டிரிக்கி. நினைவில்லாத ஆளுக்குக் குடிக்கக் குடுக்கக் கூடாதாம்."

ஆம்புலன்ஸ் வந்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். கையில் சேலைன். பின்னேரமாகிவிட்டது. கட்டிலருகே ஸ்டூலில் நானா, ஈரம் காய்ந்து உப்புப் பூத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என் உடம்பில் மீன் வாடை அடித்தது.

டாக்டர் ஓர் இளைஞர். "அரைமணித்தியாலம் பிந்தியிருந்தால் வேற கதை" என்றார். "அங்கேயே குளிராக்கித்தான் அனுப்பியிருக்கினம். யார் செய்தது?"

நான் நானாவைக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்தார்.

டாக்டர் போன பிறகு, "நான் என்ன சொன்னனான் நானா?" என்று கேட்டேன். "கூப்பிட்ட உடனே ஏதோ சொன்னனான் எண்டு இஞ்ச நர்ஸ்மார் கதைச்சது கேட்டது."

"அது விடுங்க சேர். சுகமாகுங்க முதல்ல."

"சொல்லுங்கோ."

அவர் ஸ்டூலைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "வீட்டுக்கு ஒருக்கா கோல் எடுத்துச் சொல்லுங்கோ நானா எண்டு சொன்னீங்க. இண்டைக்குச் சாப்பாட்டுக்கு வரப் பிந்தும், அவ சாப்பிடாம எனக்காகப் பாத்துக்கொண்டிருப்பா எண்டு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பதான் சேர் எனக்குப் பயம் வந்திச்சி. அவட மய்யித்து வீட்டுக்கு நானும் வந்தவன்தானே."

நான் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உண்மைதான். நான் பிந்தினால் அவள் சாப்பிடமாட்டாள். தன் கந்தோர் வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாடு போட்ட இரண்டு கோப்பையையும் மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள். எத்தனை தரம் சொல்லியும் கேட்டதில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தாகம்தான் வந்தது. தொண்டை வெடித்துவிடும்போல ஒரு தாகம். மாசக்கணக்கில் எனக்கு எதற்கும் தாகம் எடுத்ததாக நினைவில்லை.

"தண்ணி தாறீங்களா நானா?"

அவர் என் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கத் தந்தார். மூன்று கோப்பை குடித்தேன். மறுநாள் காலை அவருடைய மனைவி ஒரு போத்தலில் அரிசிக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். அதையும் முழுவதும் குடித்தேன்.

ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். அன்றே மனேஜர் கூட்டம் கூட்டினார். பலரும் பலதும் சொன்னார்கள். பகல் இரண்டு மணித்தியாலம் வெளிவேலையை நிறுத்துவதாக மனேஜர் ஒத்துக்கொண்டார். கப்பல் நிற்கும் நாட்களில் மட்டும் ஆட்களை மாற்றி மாற்றி விடலாம் என்றார். வெளியே படங்கு கட்டி நிழல் போடவும் தண்ணீர்ப் பீப்பாய்கள் வைக்கவும் முடிவானது. கடைசியாக நானா எழுந்தார். இப்படியான கூட்டங்களில் அவர் பேசி நான் கண்டதில்லை.

"சேர்மார், ஒரு விசயம். மயக்கம் வாற ஆளுக்குத் தனக்கு மயக்கம் எண்டு விளங்காது. இவர் இந்தத் தாள எழுதின ஆள். இவருக்கே விளங்கல்ல. பக்கத்துல நிக்கிற ஆளுக்குத்தான் விளங்கும். அதனால ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு விடுங்க. ஒராள ஒராள் பாக்கட்டும்."

அன்று பின்னேரமே சோடிப் பட்டியல் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. அலுவலக ஆட்களைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று மனேஜர் சொல்லியிருந்தார். களஞ்சியப் பகுதிக்குப் பெயர் எழுதப் போனபோது நானா தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைச் சொன்னார்.

"நான் உள்ளுக்குள்ள கதிரையில இருக்கிற ஆள், நானா."

"அது தெரியும். எழுதுங்க சேர்."

எழுதினேன். அதற்குப் பிறகு தினமும் பன்னிரண்டரைக்கு அவர் எங்கள் அறைக் கதவில் தலையை நீட்டி, "இண்டைக்கு என்ன கிழமை சேர்?" என்று கேட்பார். நான் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போவார். அங்கே மற்றவர்கள் மூன்று நான்கு நாள் கதையை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் மடலில் அந்தச் சம்பவத்தைப் போடவேண்டும் என்று தலைமை அலுவலகம் சொன்னது. எதிர் மேசைப் பெண், "இந்த முறை தமிழும் நான்தான் எழுதுவன். நீங்க பிழை மட்டும் பாத்தாப் போதும்" என்றார். முதன்முதலாகத் தமிழில் எழுதுகிறார். 'எமது ஊழியர் ஒருவர்' என்று தொடங்கி, யார் தூக்கினார்கள், யார் விசிறினார்கள், யார் ஐஸ் கொண்டுவந்தார்கள் என்று ஒருவரையும் விடாமல் எழுதியிருந்தார். ஒற்றெழுத்துகள் பல இடங்களில் விடுபட்டிருந்தன. சிவப்புப் பேனாவால் அவற்றைப் போட்டேன். வேறெதையும் தொடவில்லை.

"சரியா அண்ணா?"

"நல்லா இருக்கு மிஸ்" என்றேன். பிறகு, "அந்த மார்ச் மாதம் நீங்கள் வந்து சொன்னதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. குறை நினைக்க வேண்டாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. வீட்டுக்குப் போனால் முன்போலவேதான் இருந்தது. அவளுடைய அலுமாரியை இன்னும் திறக்கவில்லை. ஆனால் பின்னேரங்களில் சோறு வைத்து, கதிரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தேன்.

செப்டெம்பரில் காற்று தணியாத ஒரு நாள், தைக்கும் பகுதியில் ஒரு பெண் தைத்து முடித்த மூட்டையின் வாயையே திரும்பவும் தைத்துக்கொண்டிருந்தார். குறிஞ்சாக்கேணியிலிருந்து வருபவர். பக்கத்தில் நின்ற அவருடைய சோடி அதைக் கண்டு மெசினை நிறுத்தி, அவரைப் படங்கின் கீழ் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கையிலும் காலிலும் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவோடு சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவைப்படவில்லை.

செய்தியைக் கேட்டதும் நான் கொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாரும் போகச் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் படங்கின் கீழ் உட்கார்ந்து ஜீவனி உப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டு எழுதினேன்.

"பேப்பர்ல போடப் போறீங்களா சேர்?" என்று சுகமில்லாமற் போனவர் கேட்டார்.

"ஓம். உங்களுக்கு விருப்பம் எண்டால்."

"படமும் வருமா?"

"எடுக்கலாம்."

"இப்ப வேணாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். உடம்பெல்லாம் உரத் தூசி, நனைந்த உடுப்பு. "நாளைக்கு நல்ல சால்வை போட்டுக்கொண்டு வாறம் சேர். காலையிலயே வாங்க, வேலை தொடங்க முந்தி."

மறுநாள் காலை நான் கமராவோடு போனேன். ஒருவர் தலையில் பச்சைச் சால்வை, மற்றவர் தலையில் ஊதா. வெளிச்சத்துக்காக ஓர் அடி முன்னே வரச் சொன்னேன். அவர்கள் வெயிலை ஒருமுறை பார்த்துவிட்டு, படங்கின் நிழலை விட்டு வரமாட்டோம் என்றார்கள். அங்கேயே நிற்கவைத்து எடுத்தேன். படம் கொஞ்சம் இருட்டாகத்தான் வந்தது. முதற்பக்கத்தில் போட்டேன்.